ஒன்றரை கரட் சதுர வைரம்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் என் மோதிரம் ஒன்றைச் சின்னதாக்கக் கொடுப்பதற்காகக் கடைப்பக்கம் வந்திருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு சோடி கதிரையில் உட்கார்ந்திருந்தது. உங்களில் ஒருவர் அவர்களுக்குச் சதுர வைரம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். மூலைகள் வெட்டிய சதுரம், உள்ளே படிப்படியாக இறங்கும் பட்டைகள். நாம் ஸ்டெப் கட் என்று சொல்வது. கல்லுக்கு மேலே மூன்று விளக்குகள் எரிந்தன. பக்கத்தில் சான்றிதழ் இருந்தது. "பாருங்க, எல்லாத்துலயும் எக்ஸலண்ட்" என்று அவர் சொல்ல, அந்தப் பெண்ணும் பையனும் தலையை ஆட்டினார்கள். மூன்று பேரில் ஒருவர்கூடக் கல்லைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. கடையிலிருந்து ஓய்வு பெற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று என் மகள் சொல்கிறாள். இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தச் சான்றிதழை இன்னொரு தடவை எடுத்துப் படியுங்கள். எக்ஸலண்ட் என்று இரண்டு இடத்தில் போட்டிருக்கும். ஒன்று மெருகுக்கு, மற்றது பட்டைகள் இரண்டு பக்கமும் ஒத்திருப்பதற்கு. வட்டக் கல்லென்றால் வெட்டுக்குத் தனியாக ஒரு தரம் போட்டுக் கொடுப்பார்கள். சதுரக் கல்லின் சான்றிதழ்களில் பெரும்பாலும் அந்த வரியே கிடையாது. ஆழம் இவ்வளவு, மேல்தட்டு இவ்வளவு என்று அளவைக் கொடுத்துவிட்டு, வெட்டு நல்லதா கெட்டதா என்பதை விற்பவர் கண்ணுக்கு விட்டுவிட்டார்கள். நீங்களோ இல்லாத வரியை இருப்பதாக நினைத்துக்கொண்டு வாசித்துக் காட்டுகிறீர்கள். வாடிக்கையாளர் பொய் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. இது மட்டும் என்னவாம்?

நல்ல கல்லை மேலிருந்து பார்த்தால் சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம் என்று நடு வரைக்கும் ஒழுங்காக இறங்கும். நான்கு மூலைகளிலிருந்தும் வரும் கோடுகள் நடுவில் ஒன்றாகச் சேரும். இலேசாக ஆட்டினால் ஒரு படி வெளுக்கும், அடுத்தது கறுக்கும், பிறகு மாறும். கெட்ட கல்லில் நடுச் சதுரம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அல்லது நடு செத்துப்போய் இருட்டாகக் கிடக்கும். எவ்வளவு ஆட்டினாலும் விழிக்காது. இதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போனால் போதும். நம் கடை விளக்குகளுக்குக் கீழே சோடா மூடிகூட மின்னும். அதைத் தெரிந்துகொண்டுதான் முதலாளி அவற்றை வாங்கி மாட்டினார்.

இதற்கும் மேலாக நம் ஊருக்கென்று ஒரு தனி வியாதி இருக்கிறது. இது நீலக்கல் பார்த்துப் பழகிய ஊர். நம் ஆட்கள் எந்தக் கல்லைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அடிப்பக்கம் பெருத்து வயிறு வைத்திருந்தால் மன்னித்துவிடுவார்கள். நிறம் அங்கேதான் தங்கியிருக்கிறது, வெட்டிவிட்டால் மேலே வெளுத்துப்போகும் என்பார்கள். நீலக்கல்லுக்கு அது நியாயமான பேச்சு. வெள்ளை வைரத்தில் காப்பாற்ற என்ன நிறம் இருக்கிறது? அங்கே வயிறென்றால் வெறும் பாரம், வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாரம். இதை எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரு ஆளுக்கும் ஏறவில்லை.

சொல்லி ஏறாது என்பதால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலையிலிருந்து விலகுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு தினேஷ் என்ற பையன் வந்தான். ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா, அம்மா இருவரும் கொழுந்து மலையில் உழைத்தவர்கள். அவன் படித்துக் கண்டியில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நல்ல உத்தியோகத்துக்கு வந்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் ஷர்மிளா, நம் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பாமசியில் மருந்து கொடுப்பவள். இருவரும் விரும்பி வீட்டில் சொல்லி முடித்த சம்பந்தம். மோதிரத்தில் ஸ்டெப் கட் சதுரக் கல்தான் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள்.

சிக்கல் அவளுடைய அப்பா. கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டுகஸ்தோட்டையில் சொந்த வீடு. பெண் பார்க்கப் போன அன்று எல்லாருக்கும் முன்னால் தினேஷிடம், "லயத்து வீடா, தனி வீடா?" என்று கேட்டிருக்கிறார். தோட்டத்து வரிசை அறைகளில் பிறந்தவன் என்று குத்திக் காட்டத்தான். தனி வீடு கட்டியாயிற்று என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் பதில் பேசவில்லையாம், ஒரு சிரிப்புச் சிரித்தாராம். அதிலிருந்து பையனுக்கு ஒரே பயம். தட்டு மாற்றும்போது இத்தனை பவுன், இத்தனை கரட் என்று சபையில் சொல்லுவது நம் ஆட்களின் பழக்கம். அந்த மனிதர் கேட்கும்போது வாய் தடுமாறாமல் சொல்ல ஓர் எண் வேண்டும். தினேஷ் நம் கடைக்கு வந்தது அந்த எண்ணுக்காகத்தான்.

கூடவே அவனுடைய தாய்மாமன் ராஜுவும் வந்தார். நீலக்கல் தரகர். சட்டைப் பையில் எந்நேரமும் கல் மடித்த காகிதம் இருக்கும். முதலாளி உள்ளே போய், நெடுநாளாகப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை கரட் கல்லை எடுத்துவந்தார். ராஜு என்ன செய்தார் என்று நான் சொல்லவே வேண்டாம். எடுத்தார், கவிழ்த்தார், அடி வயிற்றைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"கல்லுல நல்ல ஒடம்பு இருக்கு மாப்ள. இத எடு."

முதலாளி தன் பங்குக்குச் சான்றிதழை வாசித்தார். எக்ஸலண்ட், எக்ஸலண்ட். தினேஷின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. ஒன்றரை என்று தனக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

நான் இடுக்கியால் கல்லை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். நடு இருட்டாகக் கிடந்தது. ஆட்டினேன், சாய்த்தேன், அசையவில்லை. அடிப்பக்கம் அவ்வளவு பெருத்திருந்தால் வெளிச்சம் எப்படித் திரும்பி வரும்?

"இது வேணாம் தம்பி. வெட்டு சரியில்ல. நடுவுல செத்துப் போயிருக்கு" என்றேன்.

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். ராஜு சிரித்தார். "மிஸ், நான் வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து கல்லுதான் பாக்குறேன்."

"நீலக்கல் பாத்தீங்க."

"கல்லு கல்லுதானே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் தலை நரைத்தது. வாயால் சொல்லாமல், பெட்டியிலிருந்து ஒன்றேகால் கரட் கல் ஒன்றை எடுத்து, இரண்டையும் வெள்ளைக் காகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். மேலிருந்து பார்க்க இரண்டின் முகமும் ஒரே அளவு. தினேஷ் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப மிச்ச கால் கரட் எங்க மிஸ்?"

"வயித்துல."

அவன் கெட்டிக்காரன், உடனே விளங்கிக்கொண்டான். விளங்கி என்ன பிரயோசனம்? "சபையில வயிறப் பத்தியா கேக்கப்போறாங்க மிஸ்? நம்பரத்தானே கேப்பாங்க" என்றான். ராஜு அவன் தோளில் தட்டினார். முதலாளி ரசீதுப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். குறையைச் சொல்லியாயிற்று. கேட்கிறவர் கேட்டுவிட்டு, தெரிந்தே வாங்குகிறேன் என்கிறார். நம் கடமை முடிந்தது என்று விட்டுவிடலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. எனக்கும் அன்று பசி, காலையிலிருந்து நின்று கால் வலி, விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. முதலாளிக்குச் சம்மதம், மாமனுக்குச் சம்மதம், மாப்பிள்ளைக்குச் சம்மதம். இவர்களில் ஒருவர்கூட அந்த மோதிரத்தைப் போடப்போவதில்லை.

"பொண்ணக் கூப்பிடுங்க. அவ பாக்கட்டும்" என்றேன்.

ராஜுவின் சிரிப்பு நின்றுபோனது. நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தில் கொண்டுபோகும் மோதிரத்தைப் பெண் முதன்முதலாகப் பார்ப்பது விரலில் ஏறும்போதுதான். அளவுக்கு அவளுடைய பழைய மோதிரம் ஒன்றை வாங்கிவந்து கம்பியில் போட்டுப் பார்த்துக்கொள்வோம். விரலின் அளவு மட்டும் நமக்கு வேண்டும், விரலுக்குச் சொந்தக்காரி வேண்டாம். எத்தனையோ பெண்கள் பிடிக்காத மோதிரத்தோடு ஆயுள் முழுக்கக் கையை ஆட்டிக்கொண்டு திரிகிறார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவர்களுக்கு வாயில்லை, போட்டவர் மனம் நோகும் என்று.

"அதெல்லாம் மொறையில்ல மிஸ். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?" என்றார் ராஜு.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "அவங்க கேக்குறது நம்மகிட்ட இருக்கு. அவங்களுக்குப் புடிச்சிருக்கு. நீங்க எதுக்கு நடுவுல நிக்கிறீங்க?"

"புடிச்சிருக்கான்னு போடுறவ சொல்லட்டும் முதலாளி. அவ சரின்னா நானே என் கையால பொதி கட்டிக் குடுக்குறேன்."

வெளியே வந்தபோது தினேஷ் போனைக் காதில் வைத்திருந்தான். அந்தப் பையன்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஷர்மிளா பாமசி வெள்ளைக் கோட்டோடு வந்தாள். அவள் தெருவைக் கடப்பதைக் கண்டதும் ராஜு எழும்பிப் போய், நடைபாதையில் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாளைக்கு யாராவது கேட்டால் தான் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டுமல்லவா? நான் போய் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன்.

"மிஸ், கடை பூட்டியாச்சுன்னு நெனைச்சு ஆளுங்க திரும்பிப் போயிருவாங்க" என்றார் முதலாளி.

"போனா நாளைக்கு வருவாங்க."

வெளியே வானம் மழைக்கு மூடியிருந்தது. கல் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. இரண்டு கல்லையும் ஜன்னலோரம் வைத்தேன். எது எத்தனை கரட் என்று சொல்லவில்லை. எது நல்லது என்றும் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நாம் சொல்லிவிட்டால் அவர்கள் கல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அவள் விரல்களுக்கு நடுவே வைத்து, கையை மெதுவாக ஆட்டச் சொன்னேன்.

அவள் நிதானமாகப் பார்த்தாள். ஒன்றரை கரட் கல்லை வைத்திருந்தபோது, "இதுல நடுவுல இருட்டா இருக்கு மிஸ். ஆட்டினாலும் போகமாட்டேங்குது" என்றாள். மற்றதை வைத்ததும் கையை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள். பிறகு, "இது உள்ள போய்க்கிட்டே இருக்கு" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கல் தொழிலில் ஊறிய இரண்டு ஆண்களுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல வந்தேன், அப்படிச் சொல்வது தப்பு. அவர்களுக்கும் கண் இருந்தது. பார்க்கத்தான் மனமில்லை. முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எது எத்தன கரட்?" என்று ஷர்மிளா தினேஷிடம் கேட்டாள்.

அவன் சொன்னான்.

அவள் ஒன்றேகால் கல்லை மெதுவாகக் காகிதத்தில் வைத்தாள். ஒன்றரை கல்லை என் பக்கம் தள்ளினாள். "இதையே வெச்சுக் குடுங்க மிஸ்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்பதே முழுதாக ஞாபகமில்லை. "கண்ணுக்குத் தெரியுதுன்னு நீயே சொன்னியேம்மா! அப்புறம் எதுக்கு?" என்று கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் நடைபாதையில் நின்ற ராஜு திரும்பிப் பார்த்தார்.

"தெரியுது மிஸ்" என்றாள் அவள். "அப்பா கேப்பாரு. இவரு கொறைச்சலா சொன்னா அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு, சிரிப்பாரு. அத இவரு இன்னொரு வாட்டி வாங்கக் கூடாது. இந்த இருட்ட நான் பாத்துக்கிறேன்."

வெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவளும் பார்த்துவிட்டாள், அதற்குப் பிறகும் கெட்ட கல்லைக் கேட்கிறாள். பொதி கட்டும் காகிதத்தை இழுத்தேன். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதானே.

தினேஷ் அந்த ஒன்றரை கரட் கல்லை விரலாலேயே எடுத்தான். வேறு நேரமாக இருந்தால் இடுக்கி இல்லாமல் வைரத்தைத் தூக்கியதற்கு ஏசியிருப்பேன். அதைக் கொண்டுபோய் முதலாளிக்கு முன்னால் வைத்தான்.

"இது வேணாங்க. மத்தது."

"அப்பாவுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று ஷர்மிளா கேட்டாள்.

"தெரியல. ஞாயித்துக்கெழமைக்குள்ள யோசிக்கிறேன்."

முகம் ஒரே அளவு என்பதால், ஒன்றரை கல்லுக்கென்று எடுத்துவைத்த மோதிரத்தில் நகை செய்யும் பத்தர் பெரிய வேலை செய்ய வேண்டியிருக்கவில்லை. நான்கு மூலைகளிலும் கல்லைப் பிடிக்கும் நகம் சரியாக உட்கார்ந்தது. அடி குறைந்ததால் மோதிரம் விரலோடு இன்னும் படிந்து நின்றது. ராஜு மட்டும் போகும்வரை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம். நம் வேலை கல்லோடு முடிந்தது, வீட்டுக்குள் நடப்பது நமக்கெதற்கு என்று பஸ்ஸில் போகும்போதே என்னை நானே ஏசிக்கொண்டேன். நல்லது செய்கிறேன் என்று போய் ஒரு பையனை நிராயுதபாணியாக அனுப்பிவிட்டேனோ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். ஓர் இருட்டுக் கல்லோடு அவன் நிம்மதியாக இருந்திருப்பான். அதைக் கெடுத்தது நான்.

தட்டு மாற்றினார்கள். மோதிரம் போட்டார்கள். நான் பெண்ணின் பெரியம்மாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஷர்மிளாவின் அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளின் கையை வாங்கிப் பார்த்தார். நான் பயந்தபடியே கேட்டார்.

"எத்தன கரட் தம்பி?"

தினேஷின் அப்பா தரையைப் பார்த்தார். தினேஷ் எழும்பி நின்றான்.

"ஒன்னேகாலுங்க. கடையில ஒன்றரையும் இருந்துச்சு. ரெண்டையும் அவங்களக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க கண்ணுக்கு நல்லதுன்னு பட்டது இதுதான்."

பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பெண்ணை முன்கூட்டியே கடைக்குக் கூப்பிட்டுக் காட்டினானாம்! ராஜு வெற்றிலைத் தட்டில் எதையோ மும்முரமாகத் தேடினார். ஷர்மிளாவுடைய அப்பாவின் வாயோரத்தில் அந்தச் சிரிப்பு மெதுவாக வர ஆரம்பித்தது. நானே அப்போதுதான் அதை நேரில் பார்த்தேன். ஒரு சொல்லும் இல்லாமல் ஆளைக் கதிரையோடு சேர்த்துச் சின்னதாக்கிவிடும் சிரிப்பு.

"நீ கடைக்குப் போனியா?" என்று மகளிடம் கேட்டார்.

"போனேன்பா."

"ரெண்டையும் பாத்துட்டு, கொறஞ்சத எடுத்தியாக்கும்?"

"இல்லப்பா. நான் ஒன்றரையத்தான் கேட்டேன். இது நல்லாருக்குன்னு தெரிஞ்சும் அதத்தான் கேட்டேன்" என்றாள் ஷர்மிளா. "நீங்க இப்பிடி சிரிப்பீங்கன்னுதான்பா."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மகளின் கையை விடவில்லை. அவள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார், நான் கிட்ட இருந்ததால் என் காதிலும் விழுந்தது.

"நான் அப்பிடியாம்மா சிரிக்கிறேன்?"

அவர் நிமிர்ந்து, தன் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்த தன் சொந்தத் தம்பியை எழும்பச் சொன்னார்.

"மாப்பிள்ள, நிக்காதீங்க. இங்க வந்து எனக்குப் பக்கத்துல உக்காருங்க" என்றார்.